கிரைண்டர் போகும், நெய் போகாது

மின்வாரியத்தில் 33 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மதுரை திருநகரில் வீடு. 2022 நவம்பரில் மகள், மாப்பிள்ளை, அப்போது ஐந்து வயதாகியிருந்த பேரன் மூவரும் ஜெர்மனியில் டோர்ட்மண்ட் என்ற ஊருக்குக் குடிபோனார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாக இன்னும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் ஜெர்மனிக்கே கிளம்பிவிட்டார்கள். காலை நடையின்போது யாராவது ஒருவர் வழிமறித்து, "சார், என்னென்ன கொடுத்துவிட்டீர்கள்? அங்கே அரிசி கிடைக்குமா?" என்று கேட்கிறார். நின்றுகொண்டே பதில் சொல்லி முழங்கால் வலி வந்ததுதான் மிச்சம். ஆகவே எழுதிவிடுகிறேன்.

குடிபோவது சின்னவர்களின் வேலை, பெருங்குடி விமான நிலையத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வது பெரியவர்களின் வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. போன குடும்பத்தின் பாதி வேலை மதுரையிலேயே தங்கிவிடுகிறது. அது நம் தலையில்தான் விழும். விழப்போகிறது என்று முன்பே தெரிந்தால் குனிந்தாவது வாங்கிக்கொள்ளலாம்.

முதல் வேலை பெயர்

பெட்டி வாங்குவதற்கு முன்னால் மூன்று பாஸ்போர்ட்டையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பாருங்கள். நமக்கு இருப்பது இனிஷியல். அவர்கள் கேட்பது குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் என் மகளுக்கு என் பெயர் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு அவருடைய அப்பா பெயர். பேரனுக்கு மாப்பிள்ளையின் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். நமக்கு இதில் ஒரு விசேஷமும் இல்லை. அங்கே ஒவ்வோர் அலுவலகத்திலும் இவர்கள் மூவரும் ஒரே குடும்பம் என்பதைக் காகிதம்தான் சொல்ல வேண்டும்.

எனவே திருமணச் சான்றிதழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும். கோயில் ரசீதும் கல்யாண ஆல்பமும் உதவாது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா, அப்பா அம்மா பெயர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள அதே ஆங்கில எழுத்துகளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மீனாட்சி என்பதை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். நம் ஆட்கள் நாலையும் நாலு சான்றிதழில் எழுதி வைத்திருப்பார்கள். இதைத் திருத்துவது மதுரையில் இருக்கும்போது ஒரு வார அலைச்சல். அங்கே போன பிறகு ஆறு மாத அலைச்சல், அலைபவர் நீங்கள்.

பெயர் விஷயம் இதோடு முடியவில்லை. ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் ஒரு தாள் அதற்குத் தேவை. இந்தப் பதிவுதான் நம் ஊரில் ஆதார், ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம் எல்லாம் சேர்ந்த மாதிரி. அது நடந்த பிறகு வருமான வரி எண் தபாலில் வரும். மாப்பிள்ளைக்கு வந்துவிட்டது. பேரனுக்கும் வந்துவிட்டது. என் மகளுக்கு வரவில்லை. ஒரு மாதம் காத்திருந்து பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். இவர்கள் மாப்பிள்ளையின் குடும்பப் பெயரையும் பையனுடையதையும் மட்டும் ஒட்டியிருந்தார்கள். மகளுக்கு வந்த கடிதம் 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று திரும்பிப் போயிருக்கிறது. இப்போது டோர்ட்மண்டில் ஒரு தபால் பெட்டியில் என் பெயரும் ஒட்டியிருக்கிறது. எனக்குக் கடிதம் ஒன்றும் வராது என்றாலும் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி வைத்திருக்கிறேன்.

பெட்டிக்குள் என்ன

மளிகைக் கடைகள் நிறைந்த கீழமாசி வீதியை அப்படியே பெயர்த்துக் கட்டி அனுப்பும் ஆசை எல்லா அம்மாக்களுக்கும் வரும். வேண்டாம். அரிசி, பருப்பு, உளுந்து, புளி, மிளகாய் வற்றல் எல்லாம் அங்கே கிடைக்கின்றன. 1980-களில் இருந்து ஈழத்தமிழர்கள் அங்கே குடியேறியிருக்கிறார்கள். அவர்கள் நடத்தும் கடையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும்கூட உண்டு. மகள் அந்தக் கடைக்கு வாரம் ஒருமுறை போய்வந்து, இப்போது என்னிடமே "ஆமாம்" என்பதற்கு அவர்களைப் போல "ஓம் அப்பா" என்கிறாள்.

கொடுத்து அனுப்பத் தகுந்தவை வீட்டில் இடித்த சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, மோர் சேராத சுண்டைக்காய் வற்றல் போன்றவைதான். நெய், பால்கோவா, இறைச்சி எதையும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. பால் பொருளுக்கும் இறைச்சிக்கும் அங்கே தடை. என் மனைவி வெண்ணெய் வாங்கி உருக்கி, முருங்கைக் கீரை போட்டு இறக்கிய ஒரு லிட்டர் நெய் புறப்படும் நாளன்று வீட்டிலேயே தங்கிவிட்டது. நான்தான் சாப்பிட்டேன். மீனுக்கு அந்தத் தடை இல்லை, 20 கிலோ வரை விடுகிறார்கள். நெய்க்குத் தடை, கருவாட்டுக்கு அனுமதி. பெட்டியில் இருக்கும் சட்டைகள் எல்லாம் என்ன வாசம் வீசும் என்பதை யோசித்து நீங்களே முடிவெடுங்கள்.

பச்சைக் கறிவேப்பிலை, மல்லிகைச் சரம், மாம்பழம் எதுவும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் போகாது. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. தேங்காய் என்றவுடன் கொப்பரையைப் போட்டுவிடாதீர்கள். அதில் எண்ணெய் இருப்பதால் தீப்பிடிக்கும் பொருள் என்று விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். இன்னொன்று, மதுரையிலிருந்து துபாய் அல்லது சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் பெட்டியில் கசகசா இருக்கவே கூடாது. குருமாவுக்கு ஆசைப்பட்டுப் போலீஸ் நிலையத்தில் உட்கார வேண்டி வரும்.

குக்கருக்கு இரண்டு காஸ்கெட், ஒரு சேஃப்டி வால்வு, ஒரு விசில் கூடுதலாகக் கொடுங்கள். அடிப்பக்கம் தட்டையாக, காந்தம் ஒட்டும் எவர்சில்வர் பாத்திரங்களாக இருக்கட்டும். அங்கே பல வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்பு, அலுமினியப் பாத்திரம் அதில் சூடாகாது.

இனி என் துறை. இந்தியாவிலும் ஜெர்மனியிலும் மின்சாரம் ஒன்றுதான், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆகவே நம் கிரைண்டரும் மிக்சியும் அங்கே நன்றாக ஓடும். பிரிட்டன், துபாய், சிங்கப்பூருக்கும் கொண்டுபோகலாம், பிளக்தான் வேறு. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் ஆகாது. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 110 வோல்ட் மாடல் என்று கேட்டு வாங்க வேண்டும், நம் ஊர்க் கடைகளிலேயே தருவார்கள்.

எங்கள் 2 லிட்டர் கிரைண்டர் 11 கிலோ இருந்தது. கல்லைத் தனியாகக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றி ஒரு பெட்டியிலும், மோட்டாரை இன்னொரு பெட்டியிலும் வைத்தோம். விமான நிலையத்தில் எக்ஸ்ரே படத்தில் கல்லைப் பார்த்துவிட்டுத் திறக்கச் சொன்னார்கள். திறந்து பார்த்த அதிகாரி தமிழர். ஒன்றும் பேசாமல் மூடிவிட்டார்.

பிளக் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மலிவான அடாப்டர்கள் பலவற்றில் எர்த் தொடர்பு இருக்காது. ஈரக் கையோடு தொடும் எவர்சில்வர் டிரம்முக்கு எர்த் இல்லாமல் கரண்ட் கொடுப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அங்கேயே ஒரு பிளக் வாங்கி, நம் மூன்று பின் பிளக்கை வெட்டிவிட்டு மாற்றுவதே சரி. பச்சை அல்லது பச்சை மஞ்சள் கோடு போட்ட கம்பி நடுவில் இருக்கும் எர்த் முனைக்குப் போக வேண்டும். மற்ற இரண்டும் இரண்டு கால்களுக்கு. அந்தப் பிளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் செருகும் என்பதால் அவை இடம் மாறினால் பாதகமில்லை. தெரியாதவர்கள் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

ஒரு டெஸ்டரும் சின்ன ஸ்குரூ டிரைவர் செட்டும் பெட்டியில் கட்டாயம் வையுங்கள். கைப்பையில் வேண்டாம், பிடுங்கிக்கொள்வார்கள். நான் ஏன் இதை வற்புறுத்துகிறேன் என்றால், ஜெர்மனியில் வாடகை வீடு என்றால் பெரும்பாலும் நாலு சுவர்தான். பல வீடுகளில் சமையலறை மேடையும் அடுப்பும்கூட முந்தைய குடியிருப்பாளர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். விளக்குகளும் அப்படியே. இவர்கள் வீட்டுக்குள் நுழைந்தது மாலை ஐந்து மணி. நவம்பர் மாதத்தில் அந்நேரத்துக்கு அங்கே கும்மிருட்டு. கூரையிலிருந்து மூன்று கம்பிகள் தொங்கிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான் லைட். பையன் இருட்டில் அழுகிறான். இங்கே இரவு ஒன்பதரை மணி, நான் தோசையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், வீடியோவில் மாப்பிள்ளை.

"மாமா, எதை எதில் சேர்ப்பது?"

"முதலில் எதையும் தொடாதீர்கள்" என்றேன். வாசல் பக்கம் இருந்த மெயின் பெட்டியைத் திறந்து எம்சிபி சுவிட்சுகள் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னேன். டெஸ்டரை வைத்து மூன்று கம்பியையும் தொட்டுக் காட்டச் சொன்னேன். பிரவுன் நிறம் பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். மகள் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ள, அவர் நாற்காலியில் ஏறி, அன்று மத்தியானம் வாங்கி வைத்திருந்த பல்பு ஹோல்டரை மாட்டினார். பல்பு எரிந்தபோது பையன் கை தட்டினான். என் தோசை ஆறிப்போயிருந்தது. 33 ஆண்டு சர்வீஸில் எத்தனையோ ஊருக்கு லைன் கொடுத்திருக்கிறேன், அன்றைக்குப் பட்ட பதற்றம் எதிலும் பட்டதில்லை.

மதுரையில் விட்டுப்போனவை

முதலில் செல்போன் எண். வங்கி, ஆதார், வருமான வரி எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்குகின்றன. மகள் தன் பழைய சிம்மை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அது பெரிய தவறு. இரவு பதினொன்றரைக்குப் போன் வரும். "அப்பா, ஒரு ஓடிபி வந்திருக்கும், பாருங்கள்." நான் கண்ணாடியைத் தேடி, அந்தப் பழைய போனைத் தேடி, எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். "இன்னொரு தடவை அனுப்புகிறேன் அப்பா." யார் கேட்டாலும் ஓடிபி சொல்லக் கூடாது என்று ஊருக்கே புத்தி சொல்லும் நான், நள்ளிரவில் மாடிப்படியில் நின்று சத்தமாக ஆறு எண்களை ஒப்பித்திருக்கிறேன். சிம் அவர்களுடைய போனிலேயே இருக்கட்டும். புறப்படுமுன் வெளிநாட்டு ரோமிங்கைத் திறந்து வையுங்கள். ரீசார்ஜ் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது மட்டும் உங்கள் வேலை.

வெளிநாட்டில் குடியேறியவர் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. அதை என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வாடகை போன்ற உள்ளூர் வரவு அதில் வரும். அங்கே சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு தனி, அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை.

சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுப்போகிறவர்கள் புறப்படுமுன் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு வாடகை கொடுப்பவர் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது சட்டம். கூடல்நகரில் மகள் குடும்பத்தின் வீட்டில் மாதம் 12,000 ரூபாய்க்குக் குடியிருந்தவரிடம் இதைச் சொன்னபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இப்போது அந்த வீட்டைப் பூட்டியே வைத்திருக்கிறேன். பூட்டிய வீட்டில் மெயினை அணைத்து, பிரிட்ஜ் கதவைத் திறந்து வைக்க வேண்டும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. இந்த இரண்டு ரசீதுகளையும் ஒரு கோப்பில் போட்டுவிட்டால் மகளிடம் இருந்து பாதிப் போன் குறையும்.

பவர் பத்திரம் எழுதுவதாக இருந்தால் ஊரில் இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிடுங்கள். பிறகு என்றால் அவர்கள் அங்கே இந்தியத் தூதரகத்துக்குப் பயணம் போய்க் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பராமரிக்க, வாடகை வாங்க, வரி கட்ட மட்டும் அதிகாரம் கொடு, விற்கும் அதிகாரம் எனக்கு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அப்பாவாக இருந்தாலும் சரி, அண்ணனாக இருந்தாலும் சரி, அதை வாங்கிக்கொள்ளாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

நீங்கள் அங்கே போகும்போது

விருந்தாளி விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் இருக்கலாம். பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நாங்கள் 2023 செப்டம்பர் கடைசியில் போய் டிசம்பரில் திரும்பினோம். மனைவிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்த மாதங்களில் போனதுதான் சரி என்பது என் கருத்து. கோடையில் போனால் எல்லாம் அழகாக இருக்கும், நமக்கு ஒன்றும் விளங்காது. டிசம்பரில் காலை எட்டரைக்கு விடிந்து மாலை நாலரைக்குள் இருட்டிவிடுகிறது. பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த என் மகள் முதல் குளிர்காலம் முழுவதும் வேலையில்லாமல் அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தாள். போனில் அவள் குரல் மங்கியிருந்ததற்குக் காரணம் எனக்கு அங்கே போன பிறகுதான் புரிந்தது. குடிபோன முதல் மாதத்திலேயே, கணவரோடு போகும் மனைவியும் ஜெர்மன் வகுப்பில் சேர வேண்டும். பிள்ளை பழகட்டும், வீடு ஒழுங்காகட்டும் என்று தள்ளிப்போட்டால் ஒரு வருடம் போய்விடும். போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு, சனிக்கிழமையே பால் வாங்கி வைக்க வேண்டும். அன்று சத்தமும் கூடாது. இது தெரியாமல் என் மனைவி ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிரைண்டரைப் போட்டுவிட்டார். உளுந்து பாதி அரைந்திருக்கும், கீழ் வீட்டுப் பாட்டி மேலே வந்துவிட்டார். கோபமாகக் கத்தவில்லை. மகள் கதவைத் திறந்ததும் சுவரில் இருந்த காலண்டரைக் காட்டி, ஞாயிறு என்று சிவப்பில் போட்டிருந்த எண்ணைத் தொட்டார். அவ்வளவுதான். மீதி உளுந்தைச் சத்தமில்லாமல் அரைக்க வழி ஏது? அன்றைக்கு வடையாக முடிந்தது, அதுவும் கொரகொரவென்று. மறுநாள் கிரைண்டருக்கு அடியில் போட ஒரு கனத்த ரப்பர் விரிப்பு வாங்கினேன். இப்போது மாவு அரைப்பது சனிக்கிழமை மத்தியானம்தான்.

மாவு பொங்குவது அடுத்த சிக்கல். மதுரையில் இரவு அரைத்து வைத்தால் காலையில் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து நிற்கும். அங்கே மறுநாள் இரவுவரை அசையாமல் கிடந்தது. வழி இதுதான். பேக்கிங் அடுப்புக்குள் பாத்திரத்தை வைத்து, சூட்டைப் போடாமல் உள்விளக்கை மட்டும் போட்டுக் கதவை மூடிவிடுங்கள். இரவு முழுவதும் எரியட்டும். அது பழைய மாதிரி இழை பல்பாக இருக்க வேண்டும், அந்தப் பல்பின் சூடே மாவுக்குப் போதும். எல்இடியாக இருந்தால் வெளிச்சம்தான் வரும், மாவு வராது.

குளிர் என்று ஜன்னல்களை இறுக மூடிவைப்பது நம் சுபாவம். ஆனால் சோறு வடிக்கும் ஆவியும் வீட்டுக்குள் காயும் துணியும் சேர்ந்து சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், வீட்டுக்காரர் முன்பணத்தில் கழித்துக்கொள்வார். ஹீட்டரை அணைத்துவிட்டு, தினமும் இரண்டு மூன்று தடவை எல்லா ஜன்னலையும் விரியத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விட வேண்டும். நான் அந்த நேரத்தில் கம்பளியோடு கட்டிலில் ஏறிக்கொள்வேன்.

டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் ஹாம் என்ற ஊரில் ஈழத்தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002-இல் குடமுழுக்கு ஆனது. கோபுரத்தைப் பார்த்ததும் என் மனைவி பஸ்ஸிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். போகிறவர்கள் ஒருமுறை போய்வாருங்கள்.

எப்போது பேசுவது

தினமும் கூப்பிட்டு "என்ன சாப்பிட்டாய்" என்று கேட்காதீர்கள். நாங்கள் ஆறு மாதம் கேட்டோம். பேரன் போனைக் கண்டாலே ஓடினான். இப்போது வாரத்தில் இரண்டு நாள், புதனும் சனியும், அவனுக்கு மாலை நாலு மணிக்கு. அவன் ஒரு பக்கம் தமிழ் வாசிக்க வேண்டும். பதிலுக்கு எனக்கு ஐந்து ஜெர்மன் சொல் கற்றுக்கொடுப்பான், மறுவாரம் என்னிடம் ஒப்புவிக்கக் கேட்பான். தப்பாகச் சொன்னால் மார்க்கைக் குறைக்கிறான். வாத்தியார் வேலை பிடித்துப்போனதால் ஓடுவதில்லை.

நேரக் கணக்கில் ஒரு வில்லங்கம் உண்டு. கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். இது தெரியாமல் ஒரு அக்டோபரில் பையன் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கூப்பிட்டு, வகுப்பில் இருந்த மகளை அரளவைத்துவிட்டோம். அதன் பிறகு கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கடிகாரம் மாட்டி, அதில் டோர்ட்மண்ட் நேரம் வைத்திருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு முறை ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருப்ப வேண்டும். மனைவி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, முன்னாலா பின்னாலா என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். மார்ச்சில் முன்னால், அக்டோபரில் பின்னால்.